கேம்பர் வேனின் உக்கிராணம்: சக்கர வீடுகளில் உணவு சேமித்த வரலாறு

கேம்பர் வேன் என்பது படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, உணவுப் பொருள் அலமாரி ஆகியவற்றைத் தன்னுள்ளேயே கொண்ட மோட்டார் வண்டியாகும். இதன் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் எஞ்சினையும் மடிப்புப் படுக்கையையும் பற்றியே எழுதியுள்ளனர். உக்கிராணத்தைப் பற்றிய பேச்சு குறைவு. ஆனால் சக்கரத்தின் மேல் வாழ்ந்தவர்கள் எவ்வளவு தூரம் போக முடிந்தது, எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடிந்தது என்பவற்றை உணவு வைக்கும் இடமே தீர்மானித்தது. வண்டிக்குள் மனிதருக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்பதும் அதைப் பொறுத்ததே.

ஓடும் வண்டியில் உணவைச் சேமிப்பதில் மூன்று இடையூறுகள் உண்டு. அவை எடை, குலுக்கல், வெப்பம். வீட்டுச் சமையலறையில் ஒரு மூட்டை அரிசி கூடுதலாக இருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. வண்டியிலோ அதை இழுக்க ஒரு விலங்கோ எரிபொருளோ வேண்டும். இந்த மூன்றுடன் அடுத்த கடை எவ்வளவு தொலைவில் உள்ளது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. கீழே வரும் வரலாற்றில் பெரும்பகுதி அமெரிக்காவைச் சார்ந்தது. வண்டியிலேயே மாதக்கணக்கில் உண்டு வாழ்ந்த பெருங்கூட்டங்களைப் பற்றி ஏராளமான எழுத்துப் பதிவுகள் அங்கே எஞ்சியிருப்பதே அதற்குக் காரணம்.

ஆரிகன் தடத்தின் கூண்டு வண்டிகள்

1840கள் முதல் 1860கள் வரை இலட்சக்கணக்கான மக்கள் மிசூரி ஆற்றங்கரையிலிருந்து ஆரிகன், கலிபோர்னியா பகுதிகளுக்குக் கூண்டு வண்டிகளில் குடிபெயர்ந்தனர். ஆரிகன் தடம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமானது. எருதுகள் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் நடக்கும். பயணம் முடிய நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். வழியில் கோட்டைகள் சிலவே இருந்தன. அங்கே பொருள் கிடைத்தாலும் விலை கடுமையாக இருந்தது.

வண்டியின் உடல் சுமார் 10 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்டது. மேலே வளைத்த மரக் கம்புகளின் மீது ஆளிவிதை எண்ணெய் பூசிய கித்தான் போர்த்தப்பட்டிருக்கும். 900 முதல் 1,100 கிலோ வரை ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்றினால் எருது தளரும், அச்சு முறியும்.

இந்த வண்டியில் எதை ஏற்றுவது? 1845இல் வெளிவந்த குடியேறிகளுக்கான கையேடு ஒன்றில் லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் ஆளொன்றுக்குக் கணக்குச் சொன்னார். மாவு 200 பவுண்டு, பேக்கன் எனப்படும் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி 150 பவுண்டு, காப்பி 10 பவுண்டு, சர்க்கரை 20 பவுண்டு, உப்பு 10 பவுண்டு. கூட்டினால் 390 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 177 கிலோ. பெரியவர்கள் நால்வர் உள்ள குடும்பத்துக்கு 700 கிலோவைத் தாண்டிவிடும். வண்டி தாங்கும் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உணவுக்கே போயிற்று. மிச்சத்தில் பாத்திரம், கருவி, போர்வை, துப்பாக்கி ஆகியவை அடங்க வேண்டும்.

திரைப்படங்களில் குடும்பம் முழுவதும் வண்டிக்குள் அமர்ந்து செல்வதைப் பார்க்கிறோம். உண்மையில் நோயாளிகளும் கைக்குழந்தைகளும் தவிரப் பெரும்பாலோர் வண்டியின் பக்கத்தில் நடந்தே கண்டத்தைக் கடந்தனர். இரவில் பலர் வண்டிக்கு வெளியே கூடாரத்திலோ வண்டிக்கு அடியிலோ படுத்தனர். பெயருக்கு அது வீடு, உள்ளபடி அது நகரும் மளிகைக் கிடங்கு.

எப்படி அடுக்கினார்கள்?

அடுக்கும் முறையைப் பற்றி மிகத் தெளிவாக எழுதியவர் அமெரிக்க இராணுவத் தளபதி ராண்டால்ஃப் மார்சி. அவருடைய வழிகாட்டி நூல் 1859இல் வெளிவந்தது. மாவை நன்றாகத் தைத்த இரட்டைக் கித்தான் பைகளில், பைக்கு 100 பவுண்டாகக் கட்டச் சொன்னார். பீப்பாயைவிடப் பை எடை குறைந்தது, காலியானால் மடித்து வைக்கலாம். பேக்கனையும் அவ்வாறே 100 பவுண்டு மூட்டைகளாகக் கட்ட வேண்டும். கடும் வெப்பப் பகுதியானால் அதைப் பெட்டியில் இட்டுச் சுற்றிலும் தவிடு நிரப்பினால் கொழுப்பு உருகி ஓடாது. சர்க்கரை ஈரம்படாமல் இருக்க ரப்பர் பைகள்.

வெண்ணெய்க்கு அவர் சொன்ன வழி நமக்குப் புதிதன்று. நன்றாகக் கொதிக்க வைத்து, மேலே வரும் நுரையை அகற்றி, எண்ணெய்போல் தெளிந்ததும் தகரக் குவளையில் ஊற்றி ஈயம் பற்றவைத்து மூடினால் நெடுநாள் கெடாது என்கிறார். இது நம் வீடுகளில் நெய் உருக்குவதேயன்றி வேறில்லை. நீரும் பால் புரதமும் நீங்கியபின் நுண்ணுயிர் வளர அங்கே ஏதும் எஞ்சுவதில்லை.

குலுக்கலைச் சமாளிப்பதிலும் அனுபவ அறிவு இருந்தது. முட்டைகளைச் சோள மாவுப் பீப்பாய்க்குள் புதைத்து வைத்தனர். முட்டை தீரத்தீர அதே மாவு சமையலுக்கு ஆகும். கறவைப் பசு கொண்டுவந்தவர்கள் காலையில் கறந்த பாலை மூடிய வாளியில் வண்டியில் தொங்கவிட்டால் மாலைக்குள் வெண்ணெய் திரண்டிருக்கும். கரடுமுரடான பாதையே மத்தாகக் கடைந்து கொடுத்தது.

காய்கறி மட்டும் தீராத சிக்கல். மெல்லிய துண்டுகளாக நறுக்கி, அழுத்திச் சாறு பிழிந்து, அடுப்பில் உலர்த்திய காய்கறிக் கட்டிகளை மார்சி பரிந்துரைத்தார். ஓர் அவுன்ஸ் எடை கொண்ட சிறு துண்டே ஒருவருக்கு ஒரு வேளைக்குப் போதும் என்பது கணக்கு. எடையைக் குறைப்பதில் இது பெரும் வெற்றி. ஆனால் உலர்த்தும்போதும் மறுபடி வேகவைக்கும்போதும் வைட்டமின் சி பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. ஈறு அழுகி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய்க்குக் காரணம் இந்த வைட்டமின் குறைவே என்பது அந்தக் காலத்தில் தெரியாது. காய்கறி இல்லாவிட்டால் சிட்ரிக் அமிலத்தைச் சர்க்கரை நீரில் கலந்து எலுமிச்சைச் சாறுபோல் குடிக்கலாம் என்றும் மார்சி எழுதினார். சுவை ஒன்றாக இருக்கலாம், நோயைத் தடுக்கும் பொருள் அதில் இல்லை. அதே நூலில் அவர் சொல்லும் காட்டு வெங்காயமும் கீரைகளுமே உண்மையில் உதவியிருக்கும். மூட்டையில் கட்டி வந்ததைவிட வழியோரம் முளைத்தது மேலான மருந்தாயிற்று.

கணக்குத் தவறியபோது

உணவுக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதை 1846ஆம் ஆண்டின் டானர் குழு காட்டுகிறது. இக்குழுவில் 87 பேர் இருந்தனர். அவர்களுள் ஜேம்ஸ் ரீட் என்பவரின் குடும்ப வண்டி இன்றைய கேம்பர் வேனுக்கு முன்னோடி என்றே சொல்லத்தக்கது. பக்கவாட்டில் வாசல், வில்லமைத்த இருக்கைகள், உள்ளேயே சிறிய இரும்பு அடுப்பு, மேல்தளத்தில் படுக்கை ஆகியவை அதில் இருந்தன. மற்றவர்கள் கிடங்கை இழுத்துச் சென்றபோது ரீட் ஒரு வீட்டை இழுத்துச் சென்றார்.

இக்குழு பழகிய தடத்தை விட்டு ஒரு குறுக்கு வழியில் சென்றது. அந்த வழியைப் பரிந்துரைத்தவர் மேலே கண்ட உணவுப் பட்டியலைத் தந்த அதே ஹேஸ்டிங்ஸ். கையேட்டை எழுதியபோது அவர் அந்த வழியில் வண்டியோட்டிச் சென்றதில்லை. மலைக்காட்டில் பாதை வெட்டுவதில் வாரங்கள் கழிந்தன. அதன்பின் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீரற்ற உப்புப் பாலைவனம். அங்கே எருதுகள் பல தொலைந்தன, வண்டிகள் கைவிடப்பட்டன. ரீட் குடும்பத்தின் அந்தப் பெரிய வண்டியும் பயணம் முடியும் முன்பே கைவிடப்பட்டது. இழுக்க விலங்கில்லாதபோது கட்டிவந்த மாவினால் பயனில்லை. சட்டர் கோட்டைக்கு முன்னதாக அனுப்பப்பட்ட ஒருவர் ஏழு கோவேறு கழுதைகளில் உணவேற்றித் திரும்பி வந்தும் போதவில்லை. நவம்பர் தொடக்கத்தில் சியேரா நெவாடா கணவாயைப் பனி மூடியது. மாட்டுத் தோலைக் கொதிக்க வைத்த பசையை உண்டு சிலர் பிழைத்தனர். இறந்தவர்களின் உடலை உண்ணும் நிலைக்கும் சிலர் தள்ளப்பட்டனர். ஏறக்குறைய 40 பேர் மாண்டனர்.

இச்செய்தி பரவியபின் 1849இல் கலிபோர்னியத் தங்கத்தைத் தேடிக் கிளம்பியவர்கள் அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டனர். அச்சம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அனுபவமின்மையும் வணிகர்களின் பேச்சும் சேர்ந்திருக்கும். விளைவு, லாரமி கோட்டையை அடைவதற்குள் விலங்குகள் சோர்ந்தன. அங்கே பேக்கன் மூட்டைகளும் மாவும் பீன்ஸும் வழியோரம் குவியலாகக் கொட்டப்பட்டன. முதலில் விற்கப் பார்த்தார்கள். வாங்க ஆளில்லை, ஏனெனில் எல்லாரிடமும் அதே மிகுதி. மார்சி 1859இல் எழுதிய பட்டியலில் பேக்கன் 150 பவுண்டிலிருந்து 25 பவுண்டாகக் குறைந்திருப்பது கவனிக்கத்தக்கது. மீதி இறைச்சியை உயிருள்ள மாடுகளாகக் கூடவே ஓட்டிச் செல்லும்படி அவர் கூறினார். தன் காலால் தானே நடந்துவரும் உணவை வண்டி சுமக்க வேண்டியதில்லை.

குட்நைட்டின் பெட்டி

1866இல் டெக்சஸ் மாட்டுப் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட் இராணுவத்தின் பழைய வண்டி ஒன்றை வாங்கி மாற்றியமைத்தார். ஆலிவர் லவிங் என்பவரோடு சேர்ந்து டெக்சஸிலிருந்து நியூ மெக்சிகோவின் சம்னர் கோட்டைக்கு மாட்டு மந்தையை ஓட்டிச் செல்வது அவர் திட்டம். மந்தை ஓட்டும் ஆட்களுக்கு நாள்தோறும் சமைத்தாக வேண்டும். இரவில் தங்கும் இடம் ஒவ்வொரு நாளும் மாறும்.

குட்நைட் வண்டியின் பின்புறத்தில் இழுப்பறைகளும் தட்டுகளும் கொண்ட உயரமான மரப்பெட்டி ஒன்றைப் பொருத்தினார். அதன் மூடி கீலில் திறந்து, ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, சமையல் மேசையாகும். உணவைக் குறிக்கும் கொச்சைச் சொல்லான ‘சக்’ என்பதையொட்டி இவ்வண்டிக்குச் சக் வேகன் என்று பெயர் வந்தது. காப்பி, உப்பு, சமையல் சோடா, பீன்ஸ், உலர்ந்த ஆப்பிள், மருந்து ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய அறை. மாவு, உப்பிட்ட இறைச்சி போன்ற பெரிய மூட்டைகள் வண்டியின் உடலில். பக்கவாட்டில் குறைந்தது இரண்டு நாளைக்கான தண்ணீர்ப் பீப்பாய். வண்டிக்கு அடியில் ஒரு மாட்டுத்தோலைத் தொட்டில்போல் கட்டி, வழியில் பொறுக்கிய விறகையும் உலர்ந்த சாணத்தையும் அதில் போட்டுக்கொண்டனர்.

குடியேறிகளின் வண்டியில் பொருள் எடையைப் பார்த்து அடுக்கப்பட்டது. சக் வேகனில் எது எத்தனை முறை வேண்டும் என்பதைப் பார்த்து அடுக்கப்பட்டது. தினமும் தேவைப்படுவது கைக்கெட்டும் உயரத்திலும், வாரம் ஒருமுறை தேவைப்படுவது அடியிலும் இருந்தன. மழையிலும் இருட்டிலும் சமையல்காரர் தேடாமல் எடுக்க முடிந்தது. இன்றைய கேம்பர் வேன்களில் பின்கதவைத் தூக்கியதும் வெளியே இழுபடும் அடுப்பும் இழுப்பறைகளும் கொண்ட அமைப்பைப் பார்த்தால், குட்நைட்டின் பெட்டிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை என்பது விளங்கும். என் கணிப்பில் சக்கர உக்கிராணத்தின் வரலாற்றில் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுவே.

சமையல்காரரின் அரும்பொருள் புளித்த மாவு நிறைந்த சிறு மரச்சாடி. நம் வீட்டில் அடுத்த நாளுக்காகக் கொஞ்சம் தயிரை உறைக்கு மிச்சம் வைப்பதுபோல், ஒவ்வொரு நாளும் சிறிது மாவை எஞ்சவிட்டுப் புதிய மாவும் நீரும் சேர்ப்பர். கடுங்குளிர் இரவுகளில் நொதி சாகாதிருக்கச் சாடியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டே படுத்தனர்.

தகர டப்பாவும் மோட்டார் வண்டியும்

1869இல் கண்டத்தைக் கடக்கும் இருப்புப்பாதை முடிந்ததும் நெடும் வண்டிப் பயணத்தின் தேவை குறைந்தது. அடுத்த மாற்றம் தொழிற்சாலையில் நிகழ்ந்தது. பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அப்பேர் கண்ணாடிப் புட்டிகளில் உணவை அடைத்துச் சூடாக்கிக் காக்கும் முறையை 1810இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு பீட்டர் துராண்ட் தகரக் கலங்களுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1856இல் கெயில் போர்டன் சுண்டிய பாலுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மாட்டை ஓட்டிச் செல்லாமலே வண்டியில் பால் கிடைத்தது.

புட்டி உடையும், பீப்பாய் கனக்கும். டப்பாவோ குலுக்கலுக்கும் வெப்பத்துக்கும் ஒருசேர ஈடுகொடுத்தது. 1910களில் ஃபோர்டின் மலிவான மாடல் டி கார்கள் பெருகியபோது குடும்பங்கள் காரிலேயே கூடாரமும் டப்பா உணவும் ஏற்றிக்கொண்டு புளோரிடாவுக்குக் கிளம்பின. 1919இல் டாம்பா நகரில் அவர்கள் அமைத்த சங்கத்தின் பெயரே ‘தகர டப்பாச் சுற்றுலாக்காரர்கள்’ என்பதாகும். காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வது அவர்களின் அடையாளம். ஊருக்கு ஊர் மளிகைக் கடை வந்துவிட்டதால் மாதக்கணக்கில் மூட்டை கட்ட வேண்டிய தேவை இல்லை. உணவு விட்டுக்கொடுத்த இடத்தில் படுக்கை வந்தது.

பனிக்கட்டியும் நெருப்பும்

எஞ்சியது வெப்பம். முதலில் வந்தது ஐஸ் பெட்டி. உள்ளே துத்தநாகத் தகடு வேய்ந்த மரப்பெட்டியின் மேல்தட்டில் பனிக்கட்டிப் பாளத்தை வைத்து, கீழே பாலும் இறைச்சியும் வைப்பது அதன் முறை. அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் பனிக்கட்டியை அறுத்து விற்கும் வணிகம் அதற்கு முன்பே வளர்ந்திருந்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் அதைக் கப்பலில் சென்னைவரை அனுப்பினார். மெரினாக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் ஐஸ் ஹவுஸ் கட்டடம் அதைச் சேமிக்க எழுந்ததே. ஹென்றி ஃபோர்டும் தாமஸ் எடிசனும் நண்பர்களோடு மேற்கொண்ட முகாம் பயணங்களில் ஐஸ் பெட்டி பொருத்திய சமையல் லாரி கூடவே சென்றது. ஐஸ் பெட்டியின் குறை, அது பயணியைப் பனிக்கட்டிக் கடையோடு கட்டிப்போட்டதுதான்.

அந்தக் கட்டை அவிழ்த்தவர்கள் சுவீடனின் இரண்டு மாணவர்கள். 1922இல் ஸ்டாக்ஹோம் அரசத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பால்ட்சர் வான் பிளாட்டனும் கார்ல் முண்டர்சும் அசையும் உறுப்பே இல்லாத குளிர்ப்பெட்டியை வடிவமைத்தனர். 1925இல் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அந்தத் தொழிலை வாங்கிக்கொண்டது. இதில் சிறு தீச்சுடர் அமோனியா கலந்த நீரைச் சூடாக்கும். பிரியும் அமோனியா ஆவி குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் வாயுவோடு கலந்து ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தை உறிஞ்சும். பின் அமோனியா மீண்டும் நீரில் கரைந்து சுழற்சி தொடரும். மின்சாரம் தேவையில்லை, ஒரு எரிவாயு உருளை போதும். ஆனால் திரவங்கள் புவியீர்ப்பால் மட்டுமே ஓடுவதால் வண்டி சாய்ந்து நின்றால் சுழற்சி தடைப்படும். இவ்வகைக் குளிர்ப்பெட்டி வைத்திருப்போர் முகாமில் இறங்கியதும் சக்கரத்தின் கீழ் ஆப்பு வைத்துச் சமன் பார்ப்பது இதற்காகவே.

1950இல் ஃபோக்ஸ்வாகன் வேன் உற்பத்தி தொடங்கியது. மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் வைத்து எடுக்கத்தக்க ‘கேம்பிங் பெட்டி’யை விற்றது. 4.3 மீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள வேனில் இருக்கையே படுக்கையாகும், அலமாரியே தடுப்பாகும். பின்னாளில் வந்த வெஸ்ட்ஃபாலியா வேன்களில் எரிவாயு, கார் பேட்டரி, வீட்டு மின்சாரம் மூன்றிலும் இயங்கும் குளிர்ப்பெட்டி பொருத்தப்பட்டது. இன்று சூரியத் தகடும் 12 வோல்ட் கம்ப்ரசர் குளிர்ப்பெட்டியும் அந்த இடத்தைப் பிடித்துவருகின்றன. சாய்வைப் பற்றிய கவலையும் குறைந்தது.

எடை மட்டும் போகவில்லை. ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்தில் 3,500 கிலோவரை உள்ள வண்டியையே ஓட்டலாம். படுக்கையும் குளிர்ப்பெட்டியும் பேட்டரியும் ஏறியபின் உணவுக்கும் தண்ணீருக்கும் மிஞ்சுவது சில நூறு கிலோதான். 100 லிட்டர் தண்ணீர் என்றாலே 100 கிலோ. எனவே கனத்த டப்பாக்களைத் தாழ்வாகவும் அச்சுகளுக்கு இடையிலும் வைப்பது, மேல் அலமாரியில் இலேசானவற்றை மட்டும் வைத்துத் தாழிடுவது ஆகிய பழைய விதிகள் தொடர்கின்றன.

கடை இல்லாத சாலை

கடைகளும் மின்சாரமும் நெருங்கிவந்த இடங்களில் உக்கிராணம் சுருங்கியது. அவை இன்னும் நெருங்காத இடங்களும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டியில் 1890களில் தங்கம் தேடி வந்தவர்களுக்குப் பனிக்கட்டி எட்டாப்பொருள். ஆர்தர் மக்கார்மிக் என்பவர் அங்கே ஒரு குளிர்பெட்டியை உருவாக்கினார். சட்டத்தைச் சுற்றிச் சாக்குத் துணி, மேலே தண்ணீர்த் தட்டு, அதிலிருந்து துணியை நனைக்கும் திரிகள். காற்றுப்பட்டு நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். ‘கூல்கார்டி சேஃப்’ எனப்பட்ட இது ஆஸ்திரேலிய உள்நாட்டில் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது.

அந்த வட்டாரத்தில் நார்ஸ்மனிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனாவரை நல்லர்பர் சமவெளியைக் கடக்கும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். இடையில் பெட்ரோலும் சிற்றுண்டியும் விற்கும் சாலையோர விடுதிகள் உண்டு, பெரிய மளிகைக் கடை கிடையாது. எனவே கேம்பர் வேன்காரர்கள் கிளம்பும் ஊரிலேயே தண்ணீரையும் உணவையும் நிரப்பிக்கொள்கின்றனர். அங்கும் ஒரு தடை உண்டு. பழ ஈ போன்ற பூச்சிகள் பரவாமலிருக்க, மேற்கே செல்வோரை மாநில எல்லையிலும் கிழக்கே செல்வோரைச் செடூனாவிலும் நிறுத்திச் சோதிக்கின்றனர். பழமும் காய்கறியும் பெரும்பாலும் தாண்ட அனுமதியில்லை. ஆகவே சோதனைச் சாவடிக்கு முந்தைய முகாமில், குளிர்ப்பெட்டியில் மிஞ்சிய காய்கறி அனைத்தையும் ஒரே சட்டியில் போட்டு வேகவைத்துத் தீர்க்கிறார்கள். தீராத பழம் சாவடியின் தொட்டிக்குப் போகிறது.